சாய்ந்த கப்பலும் எழும் புகையும்: ஒரு டச்சு அச்சுப்படத்தைப் படிக்கும் முறை

கேள்வி: பழம்பொருள் கடையில் சிறிய டச்சு அச்சுப்படம் ஒன்றை வாங்கினேன். துறைமுகத்தில் ஒரு கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. அதன் அடிப்பக்கத்தில் புகை எழ, தெப்பத்தில் சிலர் நிற்கிறார்கள். ஓரத்தில் ‘ஸேமன்’ என்று பொறித்திருக்கிறது. இது விபத்துக் காட்சியா? படம் அசல்தானா என்பதை வீட்டிலேயே அறிய முடியுமா?

பதில்: நீங்கள் விவரிப்பது விபத்தன்று, அன்றாடப் பராமரிப்பு வேலை. நீருக்குள் கிடக்கும் பலகைகளில் பாசியும், கொட்டலசு என்ற ஓடுடைய சிறு கடலுயிர்களும் அடையாகப் படிந்து வேகத்தைக் குறைக்கும். கப்பற்புழு மரத்தைத் துளைக்கும். ஆகவே பீரங்கிகளையும் அடிச்சுமையையும் இறக்கிவிட்டு, பாய்மர உச்சியில் கட்டிய வடங்களைக் கப்பிகள் வழியாக இழுத்து, அடிப்பக்கம் நீருக்கு மேலே தெரியும்வரை கப்பலைச் சாய்ப்பார்கள். பாய்மரத்திலிருந்து பக்கத்து மிதவைக்கு இறங்கும் வடங்கள் உங்கள் படத்தில் தெரிந்தால் ஐயமே வேண்டாம். புகையும் தீவிபத்தல்ல, நாணற்கட்டைக் கொளுத்திப் பலகையருகே காட்டினால் பழைய கீல் (தார் போன்ற பூச்சு) இளகும், படிந்தவை கருகும், சுரண்டுவது எளிதாகும்.

தெப்பத்தில் நிற்பவர்களின் கைகளை உருப்பெருக்கியில் பாருங்கள். ஒருவர் மழுங்கிய உளியைப் பலகை இடுக்கில் வைத்துக் கொட்டாப்புளியால் அடிப்பது போலிருந்தால், அவர் பழங்கயிற்றைப் பிரித்தெடுத்த நாரை இடுக்கில் திணிக்கிறார்; அதன்மேல் காய்ச்சிய கீலை ஊற்றி அடைப்பார்கள். நம் கடற்கரைத் தமிழில் இவ்வேலைக்குக் கலப்பற்று என்று பெயர். டச்சு மொழியில் கலஃபாட்டரன் என்ற சொல் உண்டு. இரண்டின் ஒலியொப்புமை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. அவர் இடக்கைக்காரர் போலத் தோன்றினால் குழம்ப வேண்டாம்: அச்சிடும் தகட்டில் வரைந்தது தாளில் இடம்வலம் மாறியே பதியும் என்பதால், வரைபவர் முன்கூட்டியே மாற்றி வரையாதபோது வலக்கை இடக்கையாகிவிடும்.

ஸேமன் என்றால் கடலோடி. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ரைனியர் நோம்ஸ் (சுமார் 1623–1664) தம் படங்களில் அப்பெயரையே இட்டார். கப்பல்களையும் ஆம்ஸ்டர்டாம் காட்சிகளையும் வரிசை வரிசையாக 1650களில் வெளியிட்டார். யான் லெய்கனும் அவர் மகன் காஸ்பரும் 1694-இல் வெளியிட்ட 100 தொழில்களின் படத்தொகுப்பில் தொழிலாளியே படத்தின் நடுவில் நிற்பார். நோம்ஸின் படங்களிலோ அவர் எறும்பளவே இருப்பார், ஆனால் அவர் பிடித்திருக்கும் கயிறு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கண்ணால் தொடர முடியும். கடல்வேலையை அறிய நான் முதலில் நாடுவது நோம்ஸைத்தான்.

இனி அசலா என்ற கேள்வி. உருப்பெருக்கியில் கோடுகளுக்குப் பதில் ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால், அது பிற்கால இயந்திர அச்சு. செப்புத்தகட்டில் மெழுகுப் பூச்சைக் கீறி அமிலத்தால் அரித்து அச்சிட்ட படத்தில் மை சற்றே மேடாக நிற்கும்; தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய தடமும் இருக்கும், ஓரம் வெட்டப்பட்டிருந்தால் இராது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் 17-ஆம் நூற்றாண்டுத் தாளில் நெருக்கமான இணைகோடுகள் தெரியும். கோடுகளே இல்லாத சீரான தாள் 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் வந்தது. தேர்ந்த நகல்களிலும் தடமும் கோடுகளும் அமைவதுண்டு என்பதால், இவற்றை மட்டுமே சான்றாகக் கொண்டு விலை பேசிவிடாதீர்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் தன் அச்சுப்படங்களை அளவுகளுடன் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது; உங்கள் படத்தின் நீள அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து, கோடுகோடாக அதனோடு ஒப்பிடுங்கள். தாள் சற்றுச் சுருங்கியிருக்கலாம், எனவே ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாடு பெரிதல்ல. வடத்தின் இழையோ அலையின் வளைவோ வேறுபட்டால் அது வேறு தகடு.

அதுவரை படத்தைக் கழுவவோ, பின்னட்டையிலிருந்து உரிக்கவோ வேண்டாம்.