நெல் பூக்கும் ஒரு மணி நேரம்: கேள்வி பதில்

நெல்லில் மகரந்தம் எப்படி உருவாகிறது, மணி எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் பல வருடங்களாக என் ஆராய்ச்சி. அந்த எல்லைக்குள் வரும் கேள்விகளுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் சொல்கிறேன்.

திருவாரூர் விவசாயி: அம்மா, கோடை நெல்லில் கதிர் நன்றாகத்தான் வந்தது. அறுத்துப் பார்த்தால் பாதி பதர். உரம் போதவில்லையா?

உரக் குறை என்றால் பயிர் முன்பே காட்டிக் கொடுத்திருக்கும், ஐயா. முதலில் ஒரு பிடி பதரை எடுத்து நகத்தால் உமியைப் பிளந்து பாருங்கள். உள்ளே சப்பையாக அரை அரிசி இருந்தால் அது கருக்காய். கரு சேர்ந்து, பால் பிடிக்கும்போது நின்றுபோயிருக்கிறது. தண்ணீர் குறைந்ததா, கதிர் நாவாய்ப்பூச்சி பாலை உறிஞ்சியதா என்று தேட வேண்டும். உள்ளே ஒன்றுமே இல்லை என்றால் கருவே சேரவில்லை.

ஏப்ரல் கடைசியில் பூத்த பயிர் என்றால் என் சந்தேகம் வெயில் மேல்தான். காலை ஒன்பது மணி வாக்கில் உமி இரண்டும் விலகி நெல் பூ திறக்கும். உள்ளே ஆறு மகரந்தப் பைகள், இறகு மாதிரி இரண்டு சூல்முடிகள். திறக்கும்போதே பைகள் வெடித்துத் தூள் கொட்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உமி மூடிக்கொள்ளும், அப்புறம் அந்தப் பூ திறக்காது. வெளியே வந்த மகரந்தத்துக்கு உயிர் சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பை சரியாக வெடிக்காது. சூல்முடியில் விழுந்த தூளும் ஒழுங்காக முளைக்காது.

அடுத்த முறை பூக்கும் நாட்கள் கடும் வெயிலில் விழாதபடி விதைப்பைத் தள்ளி வையுங்கள். பூக்கும்போது வயலில் தண்ணீர் நிற்கட்டும், சூடு கொஞ்சம் தணியும். ஒரைசா அஃபிசினாலிஸ் என்ற காட்டு நெல்லிலிருந்து, வெயில் ஏறும் முன்பே பூக்கும் குணத்தைப் பயிர் நெல்லுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் மிகவும் நம்பிக்கை வைத்திருக்கும் வழி அது.

ஒன்று மட்டும் எல்லோருக்கும் சொல்கிறேன்: பயிர் பூக்கும் நாட்களில் காலை ஒன்பதிலிருந்து நண்பகல் வரை எந்த மருந்தும் தெளிக்காதீர்கள்.

சென்னை மாடித்தோட்டக்காரர்: பூசணிப் பிஞ்சு வெம்பி விழுகிறது.

மகரந்தம் சேரவில்லை. காலையில் ஆண் பூவைப் பறித்து, அடியில் குட்டிக் காய் உள்ள பெண் பூவின் நடுவில் தடவுங்கள்.

மதுரை வாசகி: எங்கள் வீட்டில் பீர்க்கம் பிஞ்சு வெம்புகிறது.

மேலே சொன்னதேதான். பீர்க்கை சாயந்திரம் பூக்கும், அப்போது தடவுங்கள்.

நாகப்பட்டினம் விவசாயி: மாப்பிள்ளைச் சம்பா போட்டிருக்கிறேன். பக்கத்து வயலில் வெள்ளை அரிசி ரகம். மகரந்தம் பறந்து வந்து என் விதை கெட்டுவிடுமா?

நெல் தன் பூவிலேயே கரு சேரும் பயிர். அயல் மகரந்தம் சேர்வது பொதுவாக நூற்றில் ஒன்றுக்கும் கீழே. சாதா ரகத்தின் விதைப்பண்ணைக்கே 3 மீட்டர் இடைவெளி போதும் என்பதுதான் நம் சான்று விதி. அரிசியின் சிவப்பு தவிட்டுத் தோலில் இருக்கிறது. அந்தத் தோல் தாய்ச்செடியின் திசு, அதனால் வேற்று மகரந்தம் சேர்ந்தாலும் இந்த வருடம் நிறம் மாறாது. விதை பெரும்பாலும் கெடுவது களத்தில்: அடிக்கிற இடம், சாக்கு, அறுவடை இயந்திரத்தின் உள்ளே தங்கிய பழைய நெல், போன போகத்தில் உதிர்ந்து தானாக முளைத்தது. பூக்கும்போது ஒரு முறையும் அறுப்புக்கு முன் ஒரு முறையும் இறங்கி, உங்கள் ரகத்தோடு சேராத கலவன் செடிகளைப் பிடுங்கி எடுங்கள்.

நாமக்கல் ஆசிரியர்: ஹைப்ரிட் நெல்லை 'ஆண் மலட்டு' ரகத்திலிருந்து உண்டாக்குகிறார்களாம். சாப்பிட்டால் நமக்கும் மலட்டுத்தன்மை வருமா?

வராது. இந்தப் பயம் பல வீடுகளில் இருப்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

தன் பூவிலேயே கரு சேரும் பயிரில் இரண்டு ரகங்களைப் பெரிய அளவில் கலக்க வேண்டுமானால், தாயாக இருப்பதன் மகரந்தம் வேலை செய்யக்கூடாது. 1970இல் நெல் விஞ்ஞானி யுவான் லாங்பிங்கின் குழு சீனாவின் ஹைனான் தீவில் ஒரு காட்டு நெல்லில் இயற்கையாகவே அப்படிப்பட்ட செடியைக் கண்டது. மகரந்தப் பையின் உள்சுவரில் டபீட்டம் என்ற செல் அடுக்கு உண்டு. செவிலித்தாய் மாதிரி மகரந்தத்துக்கு ஊட்டிவிட்டு, வேலை முடிந்ததும் கரைந்துபோகும். இந்தச் செடியின் மைட்டோகாண்ட்ரியாவில் உண்டாகும் டபிள்யூஏ352 என்ற புரதம் அந்த அடுக்கை நேரத்துக்கு முன்பே கரைத்துவிடுகிறது. 2013இல் சீன ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். ஊட்ட ஆளில்லாமல் மகரந்தம் வாடும். அந்தப் பையைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கி ஒரு சொட்டு அயோடின் விட்டால், மாவு நிறைந்த நல்ல தூள் கருநீலமாகும். இது சுருங்கி வெளிர்மஞ்சளாகக் கிடக்கும்.

விதைப்பண்ணையில் இந்தத் தாய் வரிசைகளுக்கு நடுவே தந்தை ரகத்தை நடுவார்கள். பூக்கும் வேளையில் இரண்டு பேர் ஒரு கயிற்றின் இரு முனையைப் பிடித்துக் கதிர்கள் மேல் இழுத்துக்கொண்டே நடப்பார்கள். வெயிலில் புகை மாதிரி தூள் எழும். இப்படிக் கிடைக்கும் விதைதான் விவசாயிக்குப் போகிறது. தந்தையிடமிருந்து வந்த மீட்பு மரபணு அந்தப் புரதத்தை அடக்கிவிடுவதால், விவசாயியின் வயலில் மகரந்தம் நன்றாகவே இருக்கும். இல்லாவிட்டால் அங்கே மணியே பிடிக்காது. நீங்கள் சாப்பிடும் சோறே அந்தப் பயிர் மலடில்லை என்பதற்குச் சாட்சி.

அதே ஆசிரியர்: இது மரபணு மாற்றம்தானே? வருடா வருடம் விதை வாங்க வைக்கிற சூழ்ச்சிதானே?

இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் குழப்புகிறீர்கள். ஹைப்ரிட் வேறு, மரபணு மாற்றம் வேறு. 1994இல் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ.ஆர்.எச்.1 முழுக்க மகரந்தச் சேர்க்கையால் வந்தது.

வருடா வருடம் வாங்க வேண்டியிருக்கிறது என்ற உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஹைப்ரிட்டில் விளைந்ததை எடுத்து விதைத்தால் முளைக்கும். ஆனால் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று பத்து நாள் பிந்தி. யாரும் பூட்டு போடவில்லை, பெற்றோர் குணங்கள் பிரிகிற மெண்டல் கணக்கு அது. விளைந்த மணி மறுபடி முளைக்காதபடி செய்யும் 'டெர்மினேட்டர்' விதைக்கு 1998இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள், ஆனால் அது எந்த விவசாயிக்கும் விற்கப்படவில்லை. நம் 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் அப்படிப்பட்ட ரகத்தைப் பதியவே தடை போடுகிறது. சொந்த விதையைச் சேமிக்கவும், பிராண்டு பெயர் இல்லாமல் விற்கவும் விவசாயிக்கு உரிமை தருவதும் அதே சட்டம்தான்.

தஞ்சாவூர் இளைஞர்: ஹைப்ரிட்டின் விளைச்சலும் வேண்டும், விதையையும் சேமிக்க வேண்டும். வழியே இல்லையா?

வழி தெரிய ஆரம்பித்திருக்கிறது, தம்பி. பூவின் முட்டை அணு தானாக முளைக்கருவாக வளராது. மகரந்தம் கொண்டுவரும் பேபி பூம் 1 என்ற மரபணுதான் அதைத் தூண்டுகிறது. 2019இல் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் வெங்கடேசன் சுந்தரேசனின் குழு அந்த மரபணுவை நெல்லின் முட்டை அணுவிலேயே இயங்க வைத்தது. கூடவே மூன்று மரபணுக்களை முடக்கி, குரோமோசோம்கள் பிரிந்து கலப்பதையும் நிறுத்தியது. விளைந்த விதைகளில் ஒரு பங்கு தாயின் அச்சு அசலாக இருந்தது. பிந்தைய ஆய்வுகளில் அந்தப் பங்கு 95 சதவீதத்தைத் தாண்டியது. அரிசியின் மாவுப் பகுதி உண்டாக இன்னும் மகரந்தம் தேவை. ஒளிக்காமல் சொல்கிறேன், இது மரபணு மாற்றம்தான். ஆனால் விதை விவசாயியின் குதிருக்கே திரும்ப வர இதைவிடப் பெரிய வாய்ப்பை என் காலத்தில் நான் பார்த்ததில்லை. பொதுத்துறை ஆய்வகங்கள் இதை விட்டுவிடக் கூடாது.

சேலம் வாசகர்: ஹைப்ரிட் அரிசி சாப்பிட்டால் குழந்தை பிறக்காது என்கிறார்களே?

மேலே நாமக்கல் ஆசிரியருக்கு விரிவாகப் பதில் சொல்லியாயிற்று. தயவுசெய்து படியுங்கள்.

பொள்ளாச்சி மாணவி: மேடம், இளநீர் என்பது செடியின் எந்தப் பகுதி?

அருமையான கேள்வி. மகரந்தக் குழாய் இரண்டு ஆண் அணுக்களைக் கொண்டுவரும். ஒன்று முட்டையோடு சேர்ந்து முளைக்கருவாகும். இன்னொன்று நடுவில் உள்ள இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து கருவூண் ஆகும். தென்னையில் அந்தக் கருவூண் முதலில் செல்சுவர் இல்லாமல், நீரில் மிதக்கும் உட்கருக்களாகவே பெருகும். அதுதான் இளநீர். பிறகு ஓரத்திலிருந்து சுவர் எழும்ப எழும்ப வழுக்கை கட்டும், அதுவே முற்றித் தேங்காயாகும். 1941இல் ஊமத்தையின் இளம் கருவைக் குடுவையில் வளர்க்க உதவியது இந்த இளநீர்தான். அதே ஊமத்தையின் மகரந்தப் பையிலிருந்து 1964இல் டெல்லியில் சிப்ரா குஹாவும் மகேஸ்வரியும் பாதிக் குரோமோசோம் மட்டும் கொண்ட கருக்களை வளர்த்தெடுத்தார்கள். ஒரு இளநீரை வெட்டி, ஓட்டின் உள்பக்கம் வழுக்கை எங்கே முதலில் கட்டுகிறது என்று பாருங்கள்.

கோவை வாசகர்: மகரந்தத்தால் தும்மல் நிற்கவில்லை.

மருத்துவரைப் பாருங்கள்.

ஈரோடு வாசகி: சுரைப் பிஞ்சு வெம்புகிறது…

பூசணிக்குச் சொன்னதைப் படியுங்கள், அம்மா. சுரைக்கும் பீர்க்கை மாதிரி சாயந்திரம் தடவுங்கள்.

திருவாரூர் விவசாயி, மறுபடியும்: பிளந்து பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. பூத்த வாரத்தில் காலை பத்து மணிக்குக் கைத்தெளிப்பானால் பூச்சிமருந்தும் அடித்தேன்.

அப்படியானால் வெயிலும் மருந்தும் சேர்ந்தே கெடுத்திருக்கலாம், ஐயா. இனி பூக்கும்போது அடித்தே ஆகவேண்டிய நிலை வந்தால், உமி மூடியிருக்கிறதா என்று நாலைந்து கதிரைப் பார்த்துவிட்டு, மூன்று மணிக்கு மேல் அடியுங்கள்.