பிட் சுழன்றுகொண்டே நிற்கிறது: போர்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: வீட்டு மாடியறையில், கணினி அனுப்பும் கட்டளைப்படி செதுக்கும் 3018 வகை சிறிய சிஎன்சி இயந்திரம் வைத்துப் பெயர்ப்பலகைகள் செதுக்கி வருகிறேன். சில வாரங்களாக வேலை பாதியில் நின்றுவிடுகிறது. செதுக்கும் பிட் மட்டும் ஒரே இடத்தில் சுழன்று மரத்தைக் கருக்குகிறது. கணினியில் இணைப்பு துண்டிக்கப்பட்டதாக அறிவிப்பு வருகிறது. சில பலகைகளில் கோடு இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகியும் போகிறது. வெறுங்காலோடு அலுமினியச் சட்டத்தைத் தொட்டால் சுர்ரென்கிறது. பழுதுபார்ப்பவர் கன்ட்ரோல் போர்டை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். பழுதைக் கண்டுபிடிக்க வேண்டிய முக்கியமான தடயத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள்: வேலை நின்ற பிறகும் பிட் சுழல்கிறது.

இந்த வகை இயந்திரங்களின் போர்டில் பெரும்பாலும் ஜிஆர்பிஎல் என்ற நிரல் ஓடுகிறது. போர்டுக்குள் இருக்கும் சிப் ஏதோ காரணத்தால் ரீசெட் ஆனால், பிட்டைச் சுழற்றும் மோட்டாரான ஸ்பிண்டில் உடனே நின்றுவிடும். ஓட்டத்தின் எல்லையில் இருக்கும் லிமிட் ஸ்விட்ச் தட்டி அலாரம் வந்தாலும் நின்றுவிடும். கணினியிலிருந்து வரும் வரிகள் மட்டும் நின்றுபோனால், போர்டு கையிலிருக்கும் சில அசைவுகளை முடித்துவிட்டு அடுத்த வரிக்காகக் காத்திருக்கும். ஸ்பிண்டிலை நிறுத்தச் சொல்லி யாரும் கட்டளை தராததால் அது சுழன்றுகொண்டேதான் இருக்கும். உங்கள் பலகை கருகுவது அதனால்தான். போர்டு உயிரோடு இருக்கிறது. அறுந்தது கணினிக்கும் அதற்கும் நடுவே உள்ள பேச்சுதான். இதைத் தீர்க்கும்வரை இயந்திரத்தை ஓடவிட்டு அறையை விட்டு வெளியே போகாதீர்கள். ஒரே இடத்தில் சுழலும் பிட் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) தூளைப் பற்றவைக்கக்கூடும்.

முதலில் காசு செலவில்லாத சோதனைகளை முடித்துவிடலாம். லேப்டாப்பின் தூக்க நிலையையும் யுஎஸ்பி மின்சேமிப்பையும் அணைத்து வையுங்கள். பிறகு ஒரே வேலைக்கோப்பை மூன்று விதமாக ஓட்டுங்கள்: பிட்டை மேலே தூக்கி, ஸ்பிண்டில் வயரைக் கழற்றிவிட்டு ஒருமுறை, ஸ்பிண்டில் சுழல, காற்றிலேயே ஒருமுறை, மரத்தில் ஒருமுறை. வயரைக் கழற்றுவதும் மாட்டுவதும் மின்சாரத்தை அணைத்த பிறகே. முதல் ஓட்டம் தடையில்லாமல் முடிந்து இரண்டாவதில் இணைப்பு அறுந்தால், குற்றவாளி ஸ்பிண்டில் கிளப்பும் மின் இரைச்சல், அதாவது வயர்களில் கலந்து சிக்னலைக் கெடுக்கும் மின்குறுக்கீடு. இரண்டும் முடிந்து மரத்தில் மட்டும் அறுந்தால், சுமை ஏறும்போது கூடும் இரைச்சலையும் 24 வோல்ட் மின்சப்ளையின் தாக்குப்பிடிக்கும் திறனையும் பார்க்க வேண்டும். முதல் ஓட்டத்திலேயே அறுந்தால் யுஎஸ்பி கேபிளையும் லேப்டாப்பையும் சந்தேகியுங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் மட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பேட்டரியில் பிரச்சினை மறைந்தால் அடுத்துச் சொல்லும் எர்த் விஷயம்தான் என்று நம்பலாம்.

அந்தச் சுர்ரென்பதை அலட்சியப்படுத்தாதீர்கள். இந்த இயந்திரங்களோடு பல நேரம் இரண்டு முனை பிளக் உள்ள அடாப்டர்தான் வருகிறது. அதற்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெபாசிட்டர் வழியாக மிகச் சிறிய மின்கசிவு, இயந்திரத்துக்குப் போகும் 24 வோல்ட் பக்கத்துக்கு வரும். எர்த் இல்லாததால் அது வெளியேற வழியின்றிச் சட்டத்திலும், யுஎஸ்பி வழியாக லேப்டாப்பிலும் நிற்கும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து சட்டத்துக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தால் 100 வோல்ட்டை ஒட்டிக்கூடக் காட்டலாம். கசிவு சிறியதாக இருக்கும்வரை சுர்ரென்பதோடு போகும். பலமாக அடித்தால் அது வேறு கதை. உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

சரிசெய்ய, எர்த் முனை உள்ள 24 வோல்ட் சப்ளையையும் மூன்று முனை பிளக்கையும் பயன்படுத்துங்கள். முனைகள் வெளியே தெரியும் சப்ளையாக இருந்தால் 230 வோல்ட் பக்கத்து இணைப்பை எலக்ட்ரீஷியனிடமே விட்டு, மூடி போடச் சொல்லுங்கள். சுவரில் உள்ள சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்பதையும் அவரே அளந்து சொல்லட்டும்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய 230, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒருசில வோல்ட் மட்டும் இருக்க வேண்டும். எர்த் இல்லை என்றதும் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலை எர்த்தோடு முடிச்சுப் போட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் உங்கள் சட்டம் முழுவதும் உயிர்க்கம்பியாகிவிடும்.

சட்டத்துக்கு எர்த் வயர் இழுக்கும்போது பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அலுமினியத்தின் மேல் இருக்கும் கருப்பு அல்லது வெள்ளிநிற அனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு சட்டத்திலும் பக்கத்துச் சட்டத்திலும் முனைகளை அழுத்துங்கள். பீப் சத்தம் வராது. அதே முனையால் ஓரத்தை அழுத்திக் கீறிப் பாருங்கள், வரும். ஆகவே திருகு உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்து, பல்லுள்ள வாஷர் போட்டு எர்த் வயரை இறுக்குங்கள். தனித்தனியாகப் பிரிந்து நிற்கும் சட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் வயர் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் கொண்டுவந்து சேருங்கள். தூசி உறிஞ்சும் குழாய் மாட்டியிருந்தால் இது இன்னும் அவசியம். குழாயில் உரசிப் பறக்கும் எம்டிஎஃப் தூள் நிலைமின்சாரத்தைச் சேர்த்து, யுஎஸ்பியை ஒரே பொறியில் முடக்கிவிடும்.

அடுத்து இரைச்சலின் ஊற்றுக்கண். 775 வகை ஸ்பிண்டில் மோட்டாரில் கார்பன் பிரஷ் இருக்கிறது. சுழலும்போதெல்லாம் உள்ளே பொறி பறக்கும். மோட்டாரின் இரண்டு முனைகளுக்கு நடுவே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்றை மோட்டாரை ஒட்டியே சால்டர் செய்யுங்கள். 104 என்று பொறித்திருக்கும். 50 வோல்ட்டுக்குக் குறையாமல் வாங்குங்கள். பெரிதாகப் போட்டால் நல்லது என்று நினைத்து மதிப்பைக் கூட்டாதீர்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரான்ஸிஸ்டர் சூடாகும். ஸ்பிண்டிலுக்குப் போகும் இரண்டு வயர்களையும் ஒன்றோடொன்று முறுக்கி, யுஎஸ்பி கேபிளிலிருந்தும் லிமிட் ஸ்விட்ச் வயர்களிலிருந்தும் விலக்கிக் கொண்டுபோங்கள். எல்லா வயரையும் ஒரே கட்டாகக் கட்டினால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் பாதித் தொல்லை அங்கிருந்துதான் வருகிறது. யுஎஸ்பி கேபிள் குட்டையாக, ஷீல்டு உறையும் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் உருளையும் உள்ளதாக இருக்கட்டும்.

கோடு விலகுவது தனிப் பழுதாக இருக்கலாம். அது மின்னணுவியலே இல்லாமலும் இருக்கலாம். அச்சை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாரின் தண்டும், அதைத் திருகுத் தண்டோடு இணைக்கும் கப்ளரும் சேரும் இடத்தில் மார்க்கர் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். அடுத்த முறை பலகை விலகியதும் அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு உடைந்து நின்றால் கப்ளர் திருகு தளர்ந்திருக்கிறது. கோடு நேராகவே இருந்தால் மோட்டார் தன் நகர்வு அடிகளை (ஸ்டெப்) தவறவிடுகிறது. வேலை தொடங்கி நேரம் ஆக ஆக மோசமாகி, ஆறவிட்டால் சரியாகிறது என்றால் அந்த மோட்டாருக்கு மின்னோட்டம் தரும் டிரைவர் சிப் சூட்டில் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. ஒரு சிறு மின்விசிறியை அதன் மேல் ஊதவைத்துப் பாருங்கள். ஏ4988 டிரைவரில் மின்னோட்டத்தை விரெஃப் என்ற ஒப்பீட்டு மின்னழுத்தம் தீர்மானிக்கிறது. பக்கத்தில் ஆர்100 என்று எழுதிய மின்தடை இருந்தால் 1 ஆம்பியருக்கு 0.8 வோல்ட், ஆர்050 என்றால் 0.4 வோல்ட். உங்கள் மோட்டாரின் அளவைத் தாண்டாமல் வையுங்கள். மின்சாரம் இருக்கும்போது மோட்டார் இணைப்பைக் கழற்றினால் டிரைவர் அந்தக் கணமே எரிந்துவிடலாம்.

24 வோல்ட் வரும் திருகு முனைகளையும் பாருங்கள். இழை வயரின் நுனியில் ஈயம் பூசி இறுக்கியிருந்தால், அந்த ஈயம் நாளடைவில் நசுங்கிப் பிடி தளரும். ஈயப் பகுதியை வெட்டிவிட்டு, வயர் நுனியில் சிறு உலோகக் குழலை (ஃபெரூல்) மாட்டி அமுக்கி மறுபடி இறுக்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, வேலை நடுவே கணினியில் ஜிஆர்பிஎல் 1.1 என்ற தொடக்க வரி தானாகவே வந்து ஸ்பிண்டிலும் நின்றால், போர்டின் 5 வோல்ட் இறங்கிப்போகிறது என்று சந்தேகிக்கலாம். ஸ்பிண்டில் வயரைக் கழற்றிய நிலையிலும், வேறு லேப்டாப்பிலும் வேறு சப்ளையிலும் அது தொடர்ந்தால் அப்போது போர்டை மாற்றுங்கள். பழைய போர்டைக் கழற்றும் முன் $$ கட்டளை கொடுத்து, வரும் அமைப்புகள் அனைத்தையும் ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மோட்டார் எத்தனை அடி எடுக்க வேண்டும் என்று சொல்லும் $100, $101, $102 ஆகிய மூன்றும் புதிய போர்டில் வேறாக இருந்தால் எழுத்துகளின் அளவே மாறிவிடும்.