சாவியைப் போட்டதுமே ஃபேன் ஓடுகிறதா? சென்சாரை மாற்றுமுன் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள்

குளச்சலில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பழைய பெட்ரோல் கார். காலையில் சாவியைப் போட்டதுமே ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறது, போகிற வழியில் டெம்பரேச்சர் முள் சட்டென்று அடிக்கு விழுந்து மறுபடி ஏறுகிறது, மைலேஜும் குறைந்துவிட்டது. கூலன்ட் சென்சார் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டை அளப்பது), தெர்மோஸ்டாட் (அந்தத் திரவத்தை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். முள் சட்டென்று விழுகிறது என்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. 90 டிகிரியில் சுற்றிக்கொண்டிருக்கும் கூலன்ட் ஒரு நொடியில் 40க்கு இறங்காது, ஆக சிக்கல் சூட்டில் இல்லை, பெரும்பாலும் சூட்டைச் சொல்லும் மின்சாரப் பாதையில் இருக்கிறது. தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தால் கதை வேறு: ஆரல்வாய்மொழி பக்கம் எதிர்காற்றில் வேகமாகப் போகும்போது முள் மெதுவாக இறங்கும், மார்த்தாண்டம் நெரிசலில் நின்றால் மெதுவாக ஏறும். உங்கள் வண்டியில் அப்படி இல்லையே.

முதலில், எஞ்சின் நன்றாக ஆறியபின் கூலன்ட் அளவைப் பாருங்கள். சென்சாரின் நுனி கூலன்டில் முங்கியிருக்க வேண்டும். அளவு குறைந்து உள்ளே காற்று நின்றாலும் முள் இப்படித்தான் ஆடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

அளவு சரியாக இருந்தால் அடுத்தது கப்ளர், அதாவது சென்சாரில் வயரை மாட்டும் பிளக். சென்சார் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் ஹவுசிங் (அது உட்காரும் கூடு) பக்கத்தில் இருக்கும். கப்ளரைக் கழற்றி, டார்ச் அடித்துப் பின்களைப் பாருங்கள். கடற்கரையோரம் நிற்கும் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான், உப்புக்காற்று பட்டு பின்னில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும், சில நேரம் ரப்பர் சீலே காணாமல் போயிருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து இறுக மாட்டினாலே பல வண்டிகள் சரியாகிவிடுகின்றன. சென்சாரில் இருந்து சிக்னல் வராவிட்டால் ஈசியூ (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) எஞ்சினைக் காப்பாற்ற ஃபேனை ஓடவிடும், உண்மையான சூடு தெரியாததால் பெட்ரோலையும் கூடுதலாக ஊற்றும், உங்கள் மைலேஜ் போனது இதனால்தான் இருக்கும்.

அதற்கும் அடங்கவில்லையா, ஈசியூ பார்க்கும் அளவுகளை போனில் காட்டும் சாதாரண புளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒன்று வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் பண்ணாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, கூலன்ட் சூட்டையும் உள்ளே போகும் காற்றின் சூட்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 27 என்றும் கூலன்ட் மைனஸ் 40 என்றும் காட்டினால் எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது, பி0118 என்ற பிழைக் குறியீடும் பெரும்பாலும் பதிவாகியிருக்கும்.

அப்புறம் முக்கியமான சோதனை. கப்ளரைக் கழற்றியதும் ஸ்கேனர் மைனஸ் 40க்குப் போக வேண்டும், வயர் பக்கத்துக் கப்ளரின் இரண்டு பின்களையும் சின்ன வயரால் இணைத்ததும் 130ஐ ஒட்டியோ அதற்கு மேலோ எகிற வேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் ஈசியூவும் நலம், சென்சார்தான் குற்றவாளி, தைரியமாக மாற்றலாம். நடக்கவில்லை என்றால் புது சென்சார் போட்டும் பயனில்லை, வயரைத் தேடிப் போக வேண்டும். இது இரண்டு பின் சென்சாருக்குத்தான். சில பழைய வண்டிகளில் மீட்டர் முள்ளுக்கென்று தனியாக ஒரு சென்சார் உண்டு, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் சென்சாரின் மின்தடையையே அளக்கலாம். பெரும்பாலானவை நம்மூர்க் காலைச் சூட்டில் 2,000 ஓமை ஒட்டியும், 80 டிகிரி வெந்நீரில் 300 ஓமை ஒட்டியும் காட்டும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். சூடு ஏற ஏற ஓம் சீராகக் குறைகிறதா என்று பாருங்கள், நடுவில் குதித்தால் சென்சார் போய்விட்டது.

மாற்றும்போது புது ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போடச் சொல்லுங்கள், ஹவுசிங் பிளாஸ்டிக் என்றால் அளவுக்கு மீறி முறுக்க வேண்டாம், காற்றை வெளியேற்றிவிட்டு கூலன்டை நிரப்புங்கள். கடற்கரைக் கிணற்றுத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அந்த உப்பு ரேடியேட்டரையே அரித்துவிடும். இதெல்லாம் முடியும்வரை முள் சிவப்புக் கோட்டுக்குப் போனால் "சென்சார்தானே" என்று ஓட்டிக்கொண்டே போகாமல், ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.