பாயசமும் சம்பளமும்

அன்புள்ள சார்,

நான் திருச்சியில் ஒரு தனியார் வங்கியில் வேலை பார்க்கிறேன். போன வருடம் அப்பாவின் முதல் திதிக்கு எங்கள் பகுதியில் உள்ள பார்வையற்றோர் இல்லத்தில் மதியச் சாப்பாடு போட்டோம். அன்று கிடைத்த மனநிறைவில், அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் அங்கே போய்க் கல்லூரி மாணவர்களுக்குப் பாடம் வாசித்துக் காட்டுகிறேன். எட்டு மாதம் ஆகிறது.

போகப் போக ஏமாற்றமாக இருக்கிறது. மாணவர்களைச் சொல்லவில்லை, அங்கே வேலை செய்கிறவர்களைச் சொல்கிறேன். ஆபீஸில் இருப்பவருக்கு எப்போது பார்த்தாலும் பணப் பேச்சுதான். கணக்கு பார்ப்பவர் (அவருக்கும் பார்வை கிடையாது) காய்கறிக்காரரிடம் ஐந்து ரூபாய்க்குக் கால் மணி நேரம் மல்லுக்கு நிற்கிறார். நன்றாகச் சொல்லிக்கொடுத்த கம்ப்யூட்டர் ஆசிரியர், மூவாயிரம் கூடக் கிடைக்கிறது என்று செல்போன் கடைக்குப் போய்விட்டார். போன மாதம் விடுதி வார்டன் ஒரு சின்னப் பையனை, "கண்ணுதான் தெரியாது, காதுமா கேக்காது?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

சேவை மனப்பான்மை இல்லாதவர்கள் எதற்காக இந்த வேலைக்கு வர வேண்டும்? இன்னொன்று, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. போன வாரம் இரண்டு மணி நேரம் வாசித்து முடித்ததும் ஒரு மாணவர், "அடுத்த வாரம் கொஞ்சம் மெதுவா படிங்கக்கா" என்றார். அவ்வளவுதான். ஒரு தேங்க்ஸ்கூட இல்லை.

பெயர் போட வேண்டாம்.

ம.

*

அன்புள்ள ம.,

கடைசியில் வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். "மெதுவா படிங்கக்கா" என்று அந்தப் பையன் வாய் திறக்க எட்டு மாதம் ஆகியிருக்கிறது. அதுவரை நீங்கள் விருந்தாளி. விருந்தாளியிடம் யாரும் குறை சொல்வதில்லை. இப்போதுதான் உங்களை வேலைக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறான்.

எனக்கு இது கேசட் காலத்தில் நடந்தது. தொண்ணூறுகளில் எங்கள் ஊர் இல்லத்துக்காகப் பி.ஏ. பொருளாதாரப் பாடங்களை வீட்டில் உட்கார்ந்து பதிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய காரியம் செய்கிறோம் என்ற நினைப்பு வேறு. ஒரு நாள் ஒரு மாணவர் கேசட்டைத் திருப்பிக் கையில் கொடுத்தார். "சார், பக்க நம்பரே சொல்லல. அட்டவணை வந்தா 'கீழே காண்க'ன்னு படிச்சுட்டு அடுத்த பக்கம் போயிடறீங்க. நான் எங்க போய்க் காண்றது? அப்புறம், மால்தஸ் கோட்பாட்டுக்கு நடுவுல மூணு விசில் வருது." மூன்றும் எங்கள் வீட்டுக் குக்கர். முகம் செத்துப்போய் வீடு திரும்பினேன். மறுநாள் முதல் கதவைச் சாத்திக்கொண்டு, அட்டவணையை வரிசை வரிசையாகச் சொல்லி, பக்க எண்ணோடு வாசித்தேன். அவர் இப்போது அரசுப் பள்ளி ஆசிரியர். போன் செய்தால் என் பெயரைச் சொல்ல மாட்டார். "குக்கர் சார்"தான்.

இதைவிட மோசமாகவும் ஒன்று செய்திருக்கிறேன். ஸ்கிரைப்பாக, அதாவது தேர்வில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறவனாக, இரண்டாவது முறை போயிருந்தேன். அந்தப் பெண் சொன்ன பதில் மொட்டையாக இருப்பதாக எனக்குப் பட்டது. எழுத்தாளன் அல்லவா, கை சும்மா இருக்குமா? கொஞ்சம் மெருகேற்றி, அவள் சொல்லாத ஒரு வரியையும் சேர்த்துவிட்டேன். கடைசி பத்து நிமிடத்தில் முழுவதையும் படித்துக்காட்டச் சொன்னாள். படித்தேன். "இந்த வரி நான் சொல்லலையே சார்." நன்றாக இருக்கட்டுமே என்று எழுதினேன் என்றேன். "அடிச்சிடுங்க." அடித்தேன். மாலையில் இல்லத்திலிருந்து போன். ஸ்கிரைப் ஏற்பாடு செய்யும் அம்மா. "இன்னொரு தடவை இப்படின்னா உங்க பேரை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவேன் சார்." ஓசியில் போய் நாலு மணி நேரம் எழுதிக்கொடுத்தவனுக்குக் கிடைத்த வார்த்தை இது. அன்று கோபம் வந்தது என்பதையும் மறைக்கவில்லை.

அந்த அம்மாவின் வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். தேர்வு மாதம் வந்தால் அவர் மேஜையில் மூன்று நோட்டுகள் இருக்கும். ஒன்றில் தேர்வு எழுதுகிறவர்கள், ஒன்றில் எழுதித் தருகிறவர்கள், மூன்றாவதில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவர்கள். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு, ஆகவே மூன்று மணி நேரத் தேர்வு நாலு மணி நேரம். வேலை நாளில் காலை பத்து மணி முதல் இரண்டு மணி வரை யார் சும்மா இருக்கிறார்கள்? போட்டித் தேர்வு என்றால் இன்னொரு முடிச்சு. தேர்வர் தானே அழைத்து வரும் ஸ்கிரைப், அவரைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்றது மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல். பட்டதாரிக்கு எழுத வருகிறவர் பட்டதாரியாக இருக்கக் கூடாது. அப்படி ஒரு கல்லூரி மாணவனைப் பிடித்தால் அவனுக்கும் அன்றைக்கே தேர்வு இருக்கும். காலை ஒன்பதே காலுக்கு ஒருவன் "பைக் பஞ்சர்" என்று போன் செய்வான். ஒன்பதே முக்காலுக்குள் வேறு ஆளைத் தேர்வு மையத்தில் நிறுத்த வேண்டும். நிறுத்திவிடுவார். சம்பளப் பதிவேட்டில் அவருக்குப் போட்டிருக்கும் பெயர் அலுவலக உதவியாளர்.

விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெயிலை அச்சடிக்கும் அறை என்று ஒன்று எங்கள் ஊர் இல்லத்தில் உண்டு. சாப்பாடு போட வருகிறவர்களை யாரும் அங்கே அழைத்துப் போவதில்லை. அங்கே பிழைதிருத்தம் பார்ப்பது இரண்டு பேர் வேலை. பார்வையுள்ள ஒரு பெண் மூலப் புத்தகத்தை வாய்விட்டு வாசிப்பார். எதிரில் பார்வையற்ற ஒருவர் அச்சான தாளை விரலால் தொடர்ந்து வருவார். மையில் அச்சடித்த எழுத்தில் மெய்யின் புள்ளி தலைமேல் உட்காருகிறது. பிரெயிலில் அது எழுத்துக்கு முன்னால் தனிக் கட்டமாக வரும் (ஆறு புள்ளிக்கான இடம் ஒரு கட்டம்). கா என்றால் க ஒரு கட்டம், ஆ ஒரு கட்டம். "பார்வையற்றோர்" என்பது நமக்கு ஏழு எழுத்து. அவர் விரலுக்குப் பதின்மூன்று கட்டம். பெரிய தாளிலேயே ஒரு வரிக்கு 40 கட்டம்தான் பிடிக்கும். பள்ளிப் புத்தகம் ஒன்று ஏன் மூன்று நான்கு தடித்த தொகுதிகளாக ஊதிப்போகிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஒரு நாள் அங்கே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் "கடைக்குப் போனான்" என்று வாசித்தார். இவர் "நிறுத்து" என்றார். தாளில் "அடைக்குப் போனான்" என்று இருந்தது. க-வுக்கு இரண்டு புள்ளி. அதில் கீழ்ப்புள்ளி சரியாக அழுந்தாமல் போனால் மிச்சமிருக்கும் ஒற்றைப் புள்ளி அ. இருவரும் சிரிக்கவில்லை, தாளை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்கள். எனக்குத்தான் அடை ஞாபகம் வந்துவிட்டது. அவர் இடக்கைச் சுட்டுவிரலால் படிப்பவர். டீ டம்ளரை அந்த விரல் படாமல்தான் தூக்குவார், சூடு பட்டால் அன்றைய வேலை போச்சு என்பார். அவருக்குச் சேவை மனப்பான்மை உண்டா? கேட்டதில்லை. மாலை ஐந்தரை பஸ்ஸைத் தவறவிட மாட்டார் என்பது மட்டும் தெரியும்.

(இந்த அறைக்கு என்னால் ஆன உபத்திரவம் ஒன்று உண்டு. என் பழைய புத்தகங்களின் கோப்புகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்தன. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் அதை ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வாசிக்கும். ஒரு முழுப் புத்தகத்தை மறுபடி தட்டச்சு செய்தார்கள்.)

வெள்ளைக் கோல் பிடித்து நடக்கக் கற்றுத் தருபவரைப் பற்றி ஒரு வார்த்தை. வலது கால் முன்னால் போகும்போது கோலின் நுனி இடது பக்கம் தட்ட வேண்டும், அடுத்த அடி விழப்போகும் இடத்தில். அதைக் கற்றுக்கொள்வது அவ்வளவு கஷ்டமில்லை. கோல் இடுப்புக்குக் கீழே உள்ளதைத்தான் சொல்லும். லாரியின் பின்பலகையையும் கடை வாசலில் தாழ்வாகத் தொங்கும் தட்டியையும் சொல்லாது. கற்றுத் தருபவர் நாலு அடி பின்னால் நடப்பார். மோதப்போவது அவருக்குத் தெரியும், உயிருக்கு ஆபத்து என்றால் ஒழியப் பிடிக்க மாட்டார். ரோட்டில் போகிறவர்கள் அவரைப் பார்த்துத் திட்டுவார்கள்: "கண்ணு தெரியாத புள்ளைய இப்படி விடறானே, மனுசனா இவன்?"

இனி வார்டன். அவர் சொன்னதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. சம்பளம் குறைவு, வேலை அதிகம், இரவில் தனி ஆள் என்று ஆயிரம் காரணம் இருக்கலாம், அந்த வாக்கியம் அந்தப் பையனுக்குள் கிடக்கத்தான் செய்யும். நேரில் நிர்வாகியிடம் சொல்லுங்கள். திரும்ப நடந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். குழந்தைகள் விஷயத்தில் 1098 எண்ணும் இருக்கிறது. இதைச் செய்ய உங்களுக்குத் தயக்கம் வரும். "பாவம், சேவை செய்யறவங்க, அவங்க மேல போய்..." என்று நாலு பேர் சொல்வார்கள். எனக்குச் சேவை என்ற சொல்மேல் வருத்தமே இங்கேதான். சம்பளத்துக்கு வேலை செய்கிறவரை ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கலாம். சேவை செய்கிறவரைக் கேட்க நமக்கு வாய் வராது. அவரைத் தெய்வமாக்கிவிட்டு, தெய்வத்துக்கு எதற்குச் சம்பளம் என்று அதையும் குறைத்துவிடுகிறோம். நான் பார்த்தவரை இல்லங்களில் பெரிய தப்புகள் நடந்தது, கேள்வி கேட்கவே முடியாத புண்ணியவான்கள் இருந்த இடங்களில்தான்.

கணக்குப்பிள்ளையின் ஐந்து ரூபாய்ச் சண்டைக்கு வருகிறேன். புதிய நூறு ரூபாய் நோட்டின் நீளம் 142 மில்லிமீட்டர். இருநூறு 146. ஐநூறு 150. அகலம் மூன்றுக்கும் ஒன்றே. நாலு மில்லிமீட்டர் வித்தியாசத்தை, வியர்த்த கையில், பின்னால் ஆள் நெருக்கும்போது கண்டுபிடித்துப் பாருங்கள். பழைய நூறு ரூபாயோ 157. அதாவது புது ஐநூறைவிட நீளம். இரண்டும் சேர்ந்து புழங்கிய நாட்களில் எங்கள் இல்லத்தில் ஒருவர் நோட்டைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் மடித்து, நுனி எந்த ரேகைவரை வருகிறது என்று பார்த்துப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். தடவிப் பார்க்க முக்கோணமும் வட்டமும் புடைப்பாக அச்சடித்திருக்கிறார்கள், வாஸ்தவம்தான். நாலு சந்தை மாறினால் அது தேய்ந்துவிடுகிறது. 2020-இல் ரிசர்வ் வங்கி, போன் கேமரா முன்னால் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும் 'மணி' என்ற செயலியை வெளியிட்டது. காய்கறிக் கடை இரைச்சலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நோட்டாக நீட்டினால் கடைக்காரர் முகம் எப்படி இருக்கும்? அந்த மனிதர் எத்தனை முறை ஏமாந்திருக்கிறாரோ, அத்தனை முறைக்கும் சேர்த்துத்தான் ஐந்து ரூபாய்க்கு நிற்கிறார். அதுவும் இல்லத்துப் பணத்துக்கு. உங்கள் வங்கியில் இப்படி ஒரு காஷியர் இருந்தால் பாராட்டுவீர்கள்.

பார்வையற்றவர் என்றால் பரிவோடு கொடுக்கப்படுவதை வாங்கிக்கொள்கிறவர் என்ற படம் நமக்குள் பழையது. 1890-இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கியபோது, நடத்துகிறவருக்குப் பார்வை இருந்தது, படிக்கிறவருக்கு இல்லை. 1985-இல் மதுரையில் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தைத் தொடங்கிய எஸ்.எம்.ஏ. ஜின்னா தானே பார்வையிழந்தவர். இன்று பல இல்லங்களில் பாதி ஆபீஸ் அப்படித்தான் நடக்கிறது. அவர்கள் கறாராகப் பேசும்போது நமக்கு ஏன் சுருக்கென்கிறது?

செல்போன் கடைக்குப் போன ஆசிரியரைப் பற்றி என்ன சொல்ல? போகட்டும். வீட்டு வாடகை சேவையில் அடங்காது. நட்டம் மாணவர்களுக்கு. ஸ்கிரீன் ரீடரை வைத்துக் கற்பிக்கத் தெரிந்த இன்னொருவரைத் தேட ஒரு வருடம் ஆகும், அதற்குள் ஒரு வகுப்பு வெளியே போய்விடும்.

ஆபீஸ்காரரின் பணப் பேச்சுக்கு, எங்கள் இல்லத்துச் சமையல் அக்கா சொன்னதைச் சொல்கிறேன். "ஆகஸ்ட் பதினஞ்சுக்கு மூணு பாயசம் சார். ஒண்ணு காலையில, ரெண்டு மதியம். வேண்டாம்னா மனசு கஷ்டப்படுவாங்கன்னு புள்ளைங்க குடிச்சுட்டு ராத்திரி எல்லாம் வயித்தப் பிடிச்சிட்டுக் கெடக்கும். பதினாறாம் தேதி கேஸ் தீந்துடுச்சு. கேக்க ஆளில்ல." பிறந்தநாள், திதி, கல்யாண நாள் எல்லாவற்றுக்கும் சாப்பாடு போட ஆள் வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருப்போர் பட்டியலே உண்டு. ஸ்கிரைப் அம்மாவின் சம்பளத்துக்கு, பிரெயில் தாளுக்கு, பிரெயில் அச்சடிக்கும் எம்பாஸர் மெஷின் ரிப்பேருக்கு என்று ஒருவர் வந்து நான் பார்த்ததில்லை. இலை போட்டுப் பரிமாறும்போது போட்டோ எடுக்கலாம். கரண்ட் பில்லோடு என்ன போட்டோ எடுப்பது? வருகிறவர்களிடம் இதையெல்லாம் சொல்லிப் பார்ப்பதுதான் ஆபீஸ்காரரின் வேலை. உங்களிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

உங்கள் அப்பாவின் திதிக்குப் போட்ட சாப்பாட்டைக் குறையாக நினைத்துவிடாதீர்கள். அன்று அந்தப் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டிருப்பார்கள், அது போதும். அடுத்த திதிக்கு இரண்டு வாரம் முன்பே ஆபீஸ்காரரிடம் போய், இந்த மாதம் எது இடிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். முதலில் நம்ப மாட்டார்.

சனிக்கிழமை போகும்போது அந்தப் பையனிடம் எந்தப் பக்கத்திலிருந்து மறுபடி வாசிக்க வேண்டும் என்று கேளுங்கள். வேகமாகப் படித்ததில் நாலைந்து பக்கமாவது அவனுக்கு விட்டுப்போயிருக்கும்.

அன்புடன்,
குக்கர் சார்