விப்ரியோ: உப்பு கேட்கும் கிருமி

கடல் உணவு வழியாக வயிற்றைக் கெடுக்கும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் பற்றி வந்த கேள்விகளில் சில.

உப்பு கிருமியைக் கொல்லும் என்றுதானே படித்தோம்? இது மட்டும் எப்படி?

எல்லாம் அளவைப் பொறுத்தது. கடல்நீரில் சுமார் 3.5 சதவீதம் உப்பு உண்டு. இந்தப் பாக்டீரியா செழிப்பது 3 சதவீதத்தை ஒட்டி. 10 சதவீதத்தில் வளராது, உப்பே இல்லாவிட்டாலும் வளராது. நன்னீரில் விட்டால் தண்ணீர் செல்லுக்குள் புகுந்து, அது வீங்கிச் செத்துப்போகும்.

உப்பில் உள்ள சோடியத்தில்தான் அதன் ஓட்டமே இருக்கிறது. உள்ளே இருக்கும் சோடியம் அயனிகளை ஓயாமல் வெளியே தள்ளும். அவை திரும்ப உள்ளே பாயும் விசையில் ஒரு முனையில் வால்போல் உள்ள கசையிழை சுழலும். அதை வைத்து நீந்தும். ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டால் உடலின் பக்கங்களிலும் கசையிழைகள் முளைக்கும், ஊர்ந்து பரவ. இவற்றை ஓட்டுவது சோடியம் அல்ல, புரோட்டான் எனும் ஹைட்ரஜன் அயனி. ஒரே செல்லில் இரண்டு வகை மோட்டார்! என்னைக் கேட்டால், நோயைவிட இதுதான் சுவாரசியம்.

அப்படியானால் கருவாடு?

நன்றாக உப்பேறி நன்றாகக் காய்ந்ததென்றால் இதற்கு அங்கே வளர வழியில்லை. அரைகுறையாகக் காய்ந்ததில்தான் வம்பு. இந்தக் கிருமி முதலில் பிடிபட்டதும் அப்படித்தான். 1950-இல் ஜப்பானின் ஒசாகாவில் ‘ஷிராசு’ எனும் பாதி காய்ந்த பொடிமீனைச் சாப்பிட்ட 272 பேருக்கு நோய் கண்டது; 20 பேர் இறந்தனர். கிருமியைப் பிரித்தெடுத்தவர் ட்சுனேசபுரோ புஜினோ. பொதுவாக இது இவ்வளவு உயிர்களைக் குடிப்பதில்லை. பெரும்பாலானோருக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கோடு சரியாகிவிடும்.

கடல்நீரில் அலசிய மீன் சுத்தம்தானே?

இல்லை. அந்த நீரிலேயே கிருமி இருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, உடனே குளிரில் வையுங்கள். 37 டிகிரி வெப்பத்தில், சாதகமான சூழலில், 10 நிமிடத்துக்குள் இது இரட்டிப்பாகும். 10 நிமிடம் என்றே வைத்தாலும் ஒரே ஒரு கிருமி, இரண்டு மணி நேரத்தில் 4,096 ஆகிவிடும்.

குழம்பு கொதித்தால் போதுமா?

போதும். ஆனால் பச்சை மீன் வெட்டிய பலகையில் அப்புறம் வெள்ளரிக்காய் நறுக்காதீர்கள்.

எங்கள் இறால் பண்ணையிலும் விப்ரியோ என்றார்கள். அந்த இறாலைச் சாப்பிடலாமா?

கடலில் உள்ள இந்த இனத்தின் பெரும்பாலான வகைகளில் மனிதரைத் தாக்கும் நச்சுக்கான மரபணு கிடையாது. இறாலைச் சில நாட்களில் கொல்லும் வகை வேறு. அதன் நச்சு மரபணுக்கள் பிளாஸ்மிடு எனும் தனி டிஎன்ஏ வளையத்தில் இருக்கின்றன, அது தாக்குவது கல்லீரல்-கணையம் எனும் இறாலின் செரிமான உறுப்பை. ஆனாலும் பண்ணையில் எது இருக்கிறது என்பது பரிசோதனையில்தான் தெரியும். இறாலை நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள்.

குளிர்ந்த கடலில் இது இருக்காதாமே?

அலாஸ்காவிலும் அப்படித்தான் நினைத்தார்கள். 2004 கோடையில் சிப்பிப் பண்ணை நீர் 15 டிகிரியைத் தாண்டியது. அங்கே பச்சைச் சிப்பி தின்ற கப்பல் பயணிகள் படுத்துவிட்டார்கள்.