கொரியாக்காரர்கள் அவ்வளவு வேலைப் பைத்தியமா?

கேள்வி: நார்வேயில் நூற்றுக்கு 8.3 பேர் வேலைப் பைத்தியம், தென்கொரியாவில் 39.7 பேர் என்று எங்கள் ஆபீஸ் மீட்டிங்கில் படம் போட்டுக் காட்டினார்கள். எங்கள் கம்பெனிக்கும் மூன்று நாடுகளில் கிளை இருப்பதால் எங்களையும் இப்படி அளக்கப் போகிறார்களாம். நம்பலாமா?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: இரண்டு எண்ணும் நிஜம்தான் அம்மா. பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் தப்பு. நார்வேக் கணக்கு 2014இல் வந்தது. பெர்கன் பல்கலைக்கழக ஆண்ட்ரியாசன் குழுவினர் கேட்டது ஏழே கேள்வி. நான்குக்காவது 'அடிக்கடி' அல்லது 'எப்போதும்' என்று டிக் அடித்தவர் கணக்கில் சேர்ந்தார். கொரியாவில் கொடுத்ததோ அமெரிக்கர் பிரையன் ராபின்சன் தயாரித்த 25 கேள்வித் தாள். அதில் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்ப்பார்கள். ஒன்றைப் படியாலும் இன்னொன்றை முழத்தாலும் அளந்துவிட்டு எது பெரிது என்றால் என்ன சொல்வது?

ஒரே தாளைக் கொடுத்தால் சரியாகிவிடுமா? 2009இல் ஷவ்ஃபெலி, ஷிமாசு, டாரிஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் நெதர்லாந்திலும் ஜப்பானிலும் ஒரே 10 கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து, அளவுக்கு மீறி உழைப்பதைப் பற்றி. ஐந்து, உள்ளுக்குள் ஏதோ விரட்டுவதைப் பற்றி. இரண்டும் சேர்ந்து ஏறினால்தான் பைத்தியம். இஎம்ஐ கட்ட ஓவர்டைம் பார்ப்பவரை இதில் சேர்க்க முடியாது. எனக்கு இந்தத் தாள் பிடிப்பதே அதனால்தான்.

ஆனால் அதில் ஒரு கேள்வி: லீவு போட்டால் குற்ற உணர்வு வருகிறதா? தன் வேலை பக்கத்து மேஜைக்காரர் தலையில் விழும் ஆபீஸில் 'ஆமாம்' என்பவர் பைத்தியம் இல்லை, நல்ல மனுஷர். மேலும், 'எப்போதும்' மாதிரியான கடைசிக் கட்டத்தில் டிக் அடிக்க அமெரிக்கர்களைவிட ஜப்பானியர் தயங்குவார்கள் என்பது பழைய ஆய்வுகளிலேயே உண்டு. ஆகவே, ஒரே அளவு பாதிப்புள்ள இரண்டு நாட்டுக்காரர்கள் ஒரே கட்டத்தில்தான் டிக் அடிக்கிறார்களா என்று முதலில் சோதிக்க வேண்டும். அது தேறாமல் நாடுகளின் சராசரியை ஒப்பிடவே கூடாது. 85 பண்பாடுகளில் 31,352 ஊழியர்களிடம் புதிய தாள் ஒன்றைச் சோதித்து 2025இல் வெளியிட்டிருக்கிறார்கள். இத்தனை பேரைத் திரட்டியதே இதற்காகத்தான்.

உங்கள் ஆபீஸில் இரண்டே கேள்வி கேளுங்கள். எந்தத் தாள்? பெயர் எழுத வேண்டுமா? நான் பர்சனல் டிபார்ட்மென்ட்டில் இருந்தபோது ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் கையாலேயே தாளைக் கொடுத்து அவர் கையாலேயே வாங்கினார்கள். ஷிஃப்ட் முழுக்க ஒரே கட்டத்தில் டிக்! பேனா மட்டும்தான் வேறு வேறு.

கேள்வி: என் வீட்டுக்காரர் ராத்திரி பதினொரு மணி வரை லேப்டாப்பும் கையுமாக இருக்கிறார். இவரும் அந்த லிஸ்டா?
– இன்னொரு வாசகி, மதுரை

பதில்: மணியைப் பார்க்காதீர்கள். வேலையே வராத ஞாயிற்றுக்கிழமை ஆளைப் பாருங்கள். நிம்மதியாகக் குறட்டை விட்டால் கோளாறு அவருடைய மேனேஜரிடம். யாரும் கேட்காமலே மெயிலைத் திறந்து திறந்து பார்த்து, பிடுங்கினால் எரிந்து விழுகிறாரென்றால் ஒரு மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போங்கள். 'நேரமில்லை' என்பார். நீங்களே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள்.