அம்மாவின் வோட்டு உங்கள் கையில் இல்லை

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 47. களுவாஞ்சிகுடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். வரும் 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் யாருக்குப் போடுவது என்று தெரியாமல் தவிக்கிறேன். கட்டாரில் இருக்கும் கணவர், "அரியநேத்திரன் நம்மட ஆள், சங்குக்குத்தான் போட வேணும்" என்கிறார். எங்கள் குடும்பம் தலைமுறையாகத் தமிழரசுக் கட்சிக் குடும்பம். கட்சியோ சஜித்துக்கு என்று முடிவெடுத்துவிட்டது. தம்பி ரணிலுக்காக வீடு வீடாகப் போகிறான். அவர் வந்தபிறகுதான் கேஸ் வரிசை இல்லாமல் போனது என்கிறான். வந்தாறுமூலையில் படிக்கும் மகன் அனுரவின் திசைகாட்டிப் பக்கம். யார் பேசினாலும் அவர் சொல்வதே சரிபோலப் படுகிறது.

என் அம்மாவுக்கு 74 வயது. பழுகாமத்தில் இருந்தவர், 2007 இடம்பெயர்வோடு என்னிடம் வந்துவிட்டார். கண் மங்கல். வோட்டுப் போடப் போகும் நாளுக்கென்று இப்போதே சேலையை அயன் பண்ணச் சொல்லித் தந்திருக்கிறார். அவருடைய வோட்டும் என் கையில்தான் என்பதால், ஒன்றைச் சங்குக்கும் மற்றதைச் சஜித்தின் தொலைபேசிக்கும் போட்டால் இரண்டு பக்கமும் சரியாகிவிடும் என்று யோசிக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பெயர் வேண்டாம், களுவாஞ்சிகுடி

பதில்:

தங்கச்சி, தேர்தலுக்குத் தேர்தல் இந்தக் கடிதம் எனக்கு வருகிறது. சின்னங்கள் மாறும், குழப்பம் மாறாது. குழம்புவதில் தப்பில்லை என்று நான் தட்டிக்கொடுப்பேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். உங்கள் குழப்பத்துக்குப் பிறகு வருகிறேன். "அவருடைய வோட்டும் என் கையில்தான்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அது எப்படி உங்கள் கைக்கு வந்தது? யார் தந்தது?

கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். கணவர் சொன்னது இருக்கிறது. தம்பி சொன்னது இருக்கிறது. மகன், கட்சி, எல்லாருடைய பேச்சும் இருக்கிறது. அம்மா என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை. நீங்கள் கேட்கவில்லை. அவரைப் பற்றி நீங்கள் எழுதியது வயதும், கண்ணும், சேலையும்தான். அந்தச் சேலையை வைத்தாவது உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போகிறவரைப் போல நாள் பார்த்துச் சேலை எடுத்து வைக்கிற மனுசிக்கு, யாருக்குப் போடுவது என்று மட்டும் ஒரு நினைப்பும் இருக்காதா?

இலங்கையில் 2019 வரை எட்டு ஜனாதிபதித் தேர்தல்கள் நடந்திருக்கின்றன. 1982 ஒக்டோபரில் முதலாவது நடந்தபோது உங்கள் அம்மாவுக்கு 32 வயது. நீங்கள் ஐந்து வயதுப் பிள்ளை. எட்டையும் பார்த்தவர் உங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான். அதில் 2005ஐ நினைத்துப் பாருங்கள். உங்கள் அம்மாவின் பழுகாமம் இருக்கும் படுவான்கரையில் பெரும்பகுதி அப்போது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அங்கே இருந்த சனத்தை வாக்களிக்க விடவில்லை. அந்தத் தேர்தல் ஏறக்குறைய 1 இலட்சத்து 80 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் முடிந்தது. மகிந்த ராஜபக்ஷ வந்தார். அதன்பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கும் எனக்கும் தெரியும், இடம்பெயர்ந்து வந்த உங்கள் அம்மாவுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அன்றைக்கு அவருடைய வோட்டுக்கு வழி மறித்தவர்களிடம் துவக்கு இருந்தது. இன்றைக்கு அவர் பெற்ற பிள்ளையே, பாசத்தோடு, அதே வேலையைச் செய்யப் போகிறது. எழுதவே எனக்கு மனம் கசக்கிறது, ஆனாலும் உள்ளதைத்தான் எழுதுகிறேன்.

ஆரையம்பதியில் எனக்கு ஒரு பெரியம்மா இருந்தா. இரண்டு கண்ணும் போய்விட்டது. வாக்காளர் அட்டையை வெற்றிலை வட்டாவுக்குள், பாக்குவெட்டிக்கு அடியில் வைத்திருப்பா. 2015 தேர்தலன்று, யார் கூட்டிப்போவது என்று பிள்ளைகள் மூன்று பேரும் முற்றத்தில் நின்று சண்டை பிடித்தார்கள். மூன்று பேருக்கும் மூன்று எண்ணம். பெரியம்மா பேசாமல் எழும்பி, பக்கத்து வீட்டுப் பொடியனைக் கூப்பிட்டா. "என்னை மேசையடிக்குக் கொண்டுபோய் விடு மனே, மிச்சத்த நான் ஐயாமாரிட்டச் சொல்லுவன்" என்றா. திரும்பி வந்தபோது மூன்று பேரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அவ சுண்ணாம்பு எங்கே என்று கேட்டா. கடைசிவரைக்கும் யாருக்கும் சொல்லவில்லை. பெற்ற தாயைக் குளிப்பாட்டலாம், ஊட்டிவிடலாம், மருந்து எடுத்துக் கொடுக்கலாம். அவருக்காக முடிவெடுக்கிற உரிமை அதோடு சேர்ந்து வராது. தாயைப் பார்ப்பது கடமை. அதற்குக் கூலியாக அவருடைய வாக்கை எடுத்துக்கொண்டால் அது கடமையாக இருக்காது.

செய்ய வேண்டியது இதுதான். கண் தெரியாதவர் தனக்கு நம்பிக்கையான ஒருவரைத் துணைக்குக் கூட்டிப்போகச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கிராம சேவகரிடம் படிவம் கேளுங்கள், அரச வைத்தியரிடம் உறுதிப்படுத்த வேண்டும். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். சான்றிதழ் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, வாக்குச்சாவடியின் தலைமை அலுவலர் இன்னொரு அலுவலர் பார்த்திருக்க உதவி செய்வார். யாரோடு போவது என்று அம்மாவிடமே கேளுங்கள். "உன்னோட வாறன்" என்று அவர் சொன்னால், அவர் சொல்கிற சின்னத்துக்குப் போடுங்கள், வெளியே வந்து வாய் திறக்காதீர்கள்.

அப்புறம், அதற்கு முதல் ஒரு பின்னேரம் பக்கத்தில் இருந்து சின்னங்களைச் சொல்லிக் காட்டுங்கள். இம்முறை வாக்குச்சீட்டில் 39 பெயர்கள். தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னம் அதில் இல்லை. காலமெல்லாம் வீட்டுக்குப் போட்ட கை அங்கே போய் வீட்டைத் தேடித் தடுமாறக்கூடாது. அரியநேத்திரன் என்றால் சங்கு, சஜித் என்றால் தொலைபேசி, அனுர என்றால் திசைகாட்டி, ரணில் என்றால் கேஸ் சிலிண்டர் என்று ஒழுங்காகச் சொல்லுங்கள். உங்கள் விருப்பத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லும் வேலை வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் வோட்டு. இரண்டு பக்கமும் சரிக்கட்டத்தான் உங்களுக்கு இரண்டு வோட்டு வேண்டியிருந்தது. அது தேவையே இல்லை தங்கச்சி. ஒரே சீட்டில் ஒருவருக்கு 1 என்றும், இன்னொருவருக்கு 2 என்றும், மூன்றாமவருக்கு 3 என்றும் போடலாம். ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுடைய சீட்டுகளில் இருக்கும் 2ஐயும் 3ஐயும் பார்ப்பார்கள். உங்கள் 1 போட்டியிலிருந்து விலகிவிட்டால், உங்கள் 2 அந்த இருவரில் ஒருவராக இருந்தால் அது அவருக்குப் போய்ச் சேரும். 2019 வரை ஒரு தேர்தலிலும் அந்த எண்ணிக்கைக்கு வேலை வரவில்லை. இம்முறை பலமான ஆட்கள் மூன்று நாலு பேர் நிற்கிறார்கள், வரக்கூடும். மனதுக்குப் பிடித்தவரை 1 ஆகவும், வந்தால் பரவாயில்லை என்று நினைப்பவரை 2 ஆகவும் போடலாம். புள்ளடியையும் (X) இலக்கத்தையும் கலந்து போடாதீர்கள், சீட்டு நிராகரிக்கப்படும். ஒருவர்தான் என்றால் ஒரு புள்ளடி போதும்.

யாருக்கு 1 என்று நான் சொன்னால், கணவர், தம்பி, மகன் என்ற வரிசையில் நான்காவது ஆளாக நானும் வந்து நிற்பேன். அது வேண்டாம். ஒன்று மட்டும் கவனித்தேன். கட்டாரில் இருப்பவருக்கு அங்கிருந்து வாக்களிக்க வழி இல்லை. ஆகவே உங்கள் கையால் தன் வோட்டைப் போடப் பார்க்கிறார். நீங்கள் அம்மாவுக்குச் செய்ய இருந்ததை அவர் உங்களுக்குச் செய்கிறார். அவர் சொல்கிற ஆளையே நீங்களும் தேர்ந்தெடுக்கலாம், அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அது உங்கள் முடிவாக இருக்கட்டும். 2022இல் கரண்ட் இல்லாமல் மெசினுக்கு முன்னால் சும்மா இருந்தது நீங்கள்தானே. நூல் விலை எங்கே போய் நிற்கிறது என்று அந்த வீட்டில் உங்களுக்குத்தான் தெரியும். காணாமல் போன பிள்ளையின் படத்தோடு இன்னும் தெருவில் நிற்கும் தாய்மாரும் உங்கள் கடைக்குச் சட்டை தைக்க வருவார்கள். கடிதத்தில் இது எதையும் நீங்கள் எழுதவில்லை. அதிலிருந்து தொடங்குங்கள்.

வாக்குச்சாவடி காலை 7 மணிக்குத் திறக்கும், மாலை 4 மணிக்கு மூடிவிடும். அம்மாவால் வெயிலில் நிற்க ஏலாது. ஓட்டோவுக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள்.